பேய்ச் சுருள்

கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணன் கேட்டான்.

"ஆடுது. எடுத்துடலாமா?"

"எடுத்துடு," என்றாள் அக்கா, கொஞ்சம்கூட இரக்கமில்லாமல்.

டக்!

அண்ணன் பல்டாக்டர். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் லீவு. ஆடியது பல் இல்லை. அப்பா அந்தக் காலத்தில் கை நடுங்க நடுங்க எடுத்த ஒரு மரம். எட்டு மில்லிமீட்டர் படச்சுருளிலிருந்து அதை வேரோடு வெட்டி எடுத்து, மேஜைக்குக் கீழே வாய் பிளந்திருந்த கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டான். மரத்துக்கு முன்னால் இருந்த படத்தையும் பின்னால் இருந்த படத்தையும் ஒட்டும் கருவியில் முட்டுக்கு முட்டு வைத்து, நகத்தளவு டேப்பை அழுத்தினான். ஓரத்துத் துளைகள் ஒன்றுக்கொன்று சரியாக உட்கார்ந்தன. மயக்க ஊசி போடாமலே சிகிச்சை முடிந்தது.

சாப்பாட்டு மேஜை மேல் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. அதன் மேல் டப்பா டப்பாவாகச் சுருள்கள். ஜன்னல் கம்பிக்கும் ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கும் நடுவே கயிறு கட்டி, ஒட்டக் காத்திருந்த துண்டுகளைத் துணி கிளிப்பில் தொங்கவிட்டிருந்தார்கள். பழைய படத்துக்கே உரிய புளித்த வாடை வீடு முழுக்க.

எல்லாம், பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் டிஜிட்டல் கடைக்காரர் போட்ட உத்தரவு. "குட்டிக் குட்டிச் சுருளா மூட்டை கட்டி எடுத்துட்டு வராதீங்க சார். வெற்றுப் படம், கெட்ட படம் எல்லாத்தையும் வெட்டிட்டு, மிச்சத்தை ஒட்டி ஒரே பெரிய சுருளாக் குடுங்க. சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன்."

அண்ணன் வெட்டினான், ஒட்டினான். கணக்கு டீச்சரான அக்கா துண்டுகளுக்கு எண் போட்டாள், குப்பையைக் கவனித்தாள், நடுநடுவே இருவரையும் அதட்டினாள். மூன்றாமவள் சுண்டு. சுண்டுவிரல் மாதிரி கடைசியாகப் பிறந்ததால் வந்த பெயர், ஐம்பதை நெருங்கியும் போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்டியரிங்கைக் கண்டு அலறுகிற மனிதர்களை ஊருக்குள் ஓட்ட வைப்பவள். இன்று அவள் கையில் பார்வைப்பெட்டியின் கைப்பிடி. சுற்றச் சுற்ற, தீப்பெட்டி அளவு திரையில் பழைய உலகம் ஓடியது.

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சுற்றினாள். இரண்டு பேருக்கும் சொல்லாத ஒரு காரணம் அவளிடம் இருந்தது.

அவள் தன்னைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பிறந்த கையோடு அப்பா கேமரா வாங்கினார். அவன் தும்மினால் படம். குப்புற விழுந்தால் படம். தொட்டியில் குளிக்கிற படம் மட்டுமே மூன்று சுருள். அக்காவுக்குப் பாதி ஆர்வம், பாதி படம். சுண்டு வந்தபோது அப்பாவுக்குப் பதவி உயர்வும் வந்தது. கேமரா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டது. எப்போதாவது விசேஷம் என்றால்தான் இறங்கும். விளைவு, குழந்தைச் சுண்டுவுக்கு உலகத்தில் ஒரே ஆதாரம் ஒரு குடும்ப போட்டோ. அதிலும் அம்மா மடியில் ஒரு துணி மூட்டை தெரியும். மூட்டைக்குள் இருப்பது சுண்டுதான் என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள்.

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்டீ. அதான் படம் இல்ல," என்று அண்ணன் சிறு வயதிலிருந்து சொல்லி வருகிறான்.

"தவிடும் கொஞ்சம் குறைச்சலாத்தான் குடுத்தோம்," என்பாள் அக்கா.

சுண்டுவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கியதே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தான் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்தச் சுருள்கள் கடைக்குப் போவதற்குள் அது அகப்பட வேண்டும். வெட்டிப் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

காலையிலிருந்து சுற்றிவிட்டாள். அண்ணன் தும்மிவிட்டான். அக்கா ஊஞ்சலாடிவிட்டாள். சுண்டு மட்டும் வரவில்லை.

மிச்சம் ஒரே ஒரு டப்பா. மூடி மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

"அட! பேய்ச் சுருள்!" என்றாள் அக்கா.

அண்ணன் முகம் கறுத்தது. "அதை ஏன் எடுக்கறே?"

பேய்ச் சுருளின் கதை வீட்டுக்கே தெரியும். அஞ்சாம் வகுப்பில் அண்ணன் பள்ளி நாடகத்தில் வில்லன். தரையைக் கூட்டும் கறுப்பு அங்கி, ஒட்டு மீசை, ஓர் அட்டகாசச் சிரிப்பு. அப்பா கேமராவை இறக்கி முழு நாடகத்தையும் எடுத்தார். படம் கழுவி வந்ததும் சுவரில் ஓட்டினால், முதல் பாதி முழுக்க வெள்ளை வெளேரென்று புகை. புகைக்குள் என்னென்னவோ உருவங்கள். வில்லன் அழுதான். அப்பா கேமராவைத் திட்டினார். அந்த அமளியில் யாரும் சரியாகப் பார்க்காமலே ஓடி முடிந்த சுருளை அப்புறம் யாரும் ஓட்டவே இல்லை.

"பின்பாதி நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சுண்டு.

"பின்பாதியில பரிசளிப்பு விழா. அதுல என் முதுகு மட்டும்தான் வரும்."

"அதுதான் உன் நல்ல பக்கம்," என்றாள் அக்கா.

உள்ளேயிருந்து அம்மா டீக்குக் குரல் கொடுத்தாள். சுண்டு எழுந்து போனாள். பக்கத்து அறையில் அப்பா சாய்வு நாற்காலியில், முகத்தின் மேல் செய்தித்தாளை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தலைப்புச் செய்தி எழுந்து எழுந்து படுத்தது.

டீத் தட்டோடு திரும்பியபோது வேலை முடிந்திருந்தது. முன்பாதியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் அண்ணன் வெட்டி, பந்தாகச் சுருட்டிப் பையில் போட்டிருந்தான். அக்கா பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தெருவில் குப்பை லாரியின் ஹாரன் பாம் பாம் என்று நகர்ந்து போனது.

"இந்தா, உன் பின்பாதி. சுத்து," என்றான் அண்ணன்.

சுண்டு சுற்றினாள்.

பரிசளிப்பு விழா வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வந்தது. கோபத்தில் வெட்டியவன் ஒரு சாண் தள்ளி வெட்டியிருந்தான். முன்பாதியின் வால் ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைப் புகை. நடுவே வில்லனின் கறுப்பு அங்கி. அங்கியின் மேல்...

சுண்டுவின் கை நின்றது. பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் சுற்றினாள்.

அங்கியின் மேல் இரண்டு பாதங்கள். குட்டிக் குட்டிக் குண்டுப் பாதங்கள். ஒன்று முன்னால் வந்தது. இன்னொன்று வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. வந்தது. படம் முடிந்தது.

"அண்ணா. இதைப் பாரேன்."

அண்ணன் குனிந்து பார்த்தான். "தூசி."

"தூசிக்கு அஞ்சு விரலா?"

அக்கா அவனைத் தள்ளிவிட்டுத் தன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். கணக்கு டீச்சரின் மூளை ஓடத் தொடங்கியது முகத்தில் தெரிந்தது. "ஒரே படத்துல ரெண்டு தடவை எடுத்திருக்காங்க. ஒண்ணு மேல ஒண்ணு. வெளிச்சமான இடமெல்லாம் வெளுத்துப்போச்சு. உன் அங்கி கறுப்பு, அதனால அதுல மட்டும் தெரியுது. சரி, இது யாரு? அந்த வருஷம் அண்ணன் அஞ்சாம் கிளாஸ். நான் ரெண்டாம் கிளாஸ், ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு முன் வரிசையில உக்காந்திருந்தேன். அப்ப நம்ம வீட்ல இந்த சைஸ் கால் யாருக்கு இருந்தது?"

மூன்று பேரும் சுண்டுவின் காலைப் பார்த்தார்கள். சுண்டு உட்பட.

"மிச்சம் எங்கே?" என்றாள் சுண்டு.

தெருக்கோடியில் பாம் பாம்.

அண்ணன்தான் முதலில் பாய்ந்தான். பல் பிடுங்குவதைத் தவிர வேறெதற்கும் அவசரப்படாதவன், காலில் செருப்பு இல்லாமல் வாசல் தாண்டி, கேட்டுக்கு முன்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல் காரின் கதவைத் திறந்து உள்ளே விழுந்தான். விழுந்த பிறகுதான் பார்த்தான், அது டிரைவர் சீட்.

"தள்ளு!" என்று கத்தினாள் சுண்டு.

"கால் மாட்டிக்கிச்சு!"

"அப்ப ஓட்டு!"

"நானா?"

மூன்று தடவை டெஸ்டில் தோற்று, நாலாவது தடவை லைசென்ஸ் வாங்கி, அன்றோடு காரைத் தொடாதவன் அண்ணன். ஆனால் இது சுண்டுவின் கார். சொல்லிக்கொடுப்பவர் பக்கத்திலும் கிளட்ச் உண்டு, பிரேக் உண்டு. அவள் மறுபக்கம் ஏறிச் சாவியை எட்டித் திருகினாள். பின் சீட்டில் அக்கா.

"கிளட்ச் என் கால்ல. பிரேக் என் கால்ல. நீ ஸ்டியரிங்கைப் பிடி, ஆக்ஸிலேட்டரை மிதி. வேற எதையும் யோசிக்காதே!"

கார் தவளை மாதிரி எம்பியது. நகர்ந்தது. கூரை மேல் 'கற்றுக்கொள்கிறார், பொறுமை காக்கவும்' என்ற பலகை நடுங்கியது.

வளைவு திரும்பியதும் லாரி கண்ணில் பட்டது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது.

லாரியின் பின்பக்கம் குவிந்திருந்த கறுப்புப் பைகளில் ஒன்றின் அடிப்பக்கம் கிழிந்திருந்தது. அதிலிருந்து மினுமினுவென்று ஒரு நாடா காற்றில் பறந்தது. உருவிக்கொண்டு விழுந்தது. அடுத்தது தலை நீட்டியது.

"நம்ம பைதான்!" என்றாள் அக்கா. "காலையில வெட்டினது அடியில கிடக்குது. அது முதல்ல போகுது. கடைசியா வெட்டினது மேல இருக்கு."

"அதாவது?" என்றான் அண்ணன்.

"அதாவது எல்லாம் போய் முடிஞ்சதும் இவ போவா!"

ஒரு துண்டு பறந்து வந்து முன் கண்ணாடியில் ஒட்டியது. ஆளில்லாத வானம். சுண்டு வைப்பரைப் போட்டாள். வானம் போனது. அடுத்து வந்தது மரம்.

"மிதிண்ணா!"

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"இது ஆக்ஸிலேட்டர்! யாரோட பல்லும் இல்ல! வலிக்காது, மிதி!"

மிதித்தான். ஆனாலும் இவர்களை ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் அண்ணனைப் பார்த்து, "பயப்படாதீங்க சார், போகப் போகப் பழகிடும்," என்று ஆறுதல் சொன்னார்.

லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. பை குலுங்கியது. கிழிசல் பெரிதாகி, கொத்தாக நாலைந்து துண்டுகள் கொட்டின. பைக்குள் இப்போது பந்து மாதிரி ஒன்றுதான் மிச்சம். அதன் நுனி வெளியே வந்து காற்றில் துடித்தது.

வெள்ளை நிற நுனி. புகை நிற நுனி.

"அண்ணா," என்றாள் சுண்டு. குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. "அது நான்."

அதற்குப் பிறகு அண்ணன் செய்ததை எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித்தர மாட்டார்கள். பல்லைக் கடித்தான். காலை அடிவரை அழுத்தினான். கார் சீறியது. சைக்கிள்காரர் ஓரத்து மணலில் இறங்கிக் கும்பிட்டார். லாரியைத் தாண்டி, அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஸ்டியரிங்கை ஒடித்தான். சுண்டு பிரேக்கில் ஏறி நின்றாள். எஞ்சின் விக்கி, இருமி, அணைந்தது.

லாரியும் நின்றது.

கையுறை போட்ட குப்பை வண்டிக்காரர் இறங்கி வந்தார். காரைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். செருப்பில்லாத பல்டாக்டரைப் பார்த்தார்.

"சொல்லிக்குடுக்கிற லட்சணம் நல்லாருக்கும்மா."

"அண்ணே, ஒரு பை... தப்பாப் போட்டுட்டோம்."

"நகையா? போன வாரம் ஒருத்தர் பல்செட்டுக்காக இப்படித்தான் ஓடி வந்தாரு."

"கிடைச்சுதா?" என்றான் அண்ணன், தொழில் ஆர்வத்தை அடக்க முடியாமல்.

"கிடைச்சுது. கழுவிட்டு இங்கேயே மாட்டிக்கிட்டுச் சிரிச்சாரு. உங்களுக்கு உள்ள என்ன இருக்கு?"

சுண்டு ஒரு நொடி யோசித்தாள். "நான் இருக்கேன்," என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். மேற்கொண்டு கேட்காமல் வண்டியில் ஏறி, கிழிந்த பையைக் குழந்தையைத் தூக்குவது போல் இரு கையாலும் தூக்கி இறக்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது சுண்டு ஓட்டினாள். வழி நெடுக அக்கா இறங்கி இறங்கி, ரோட்டில் கிடந்த வானத்தையும் மரத்தையும் பொறுக்கிக்கொண்டே வந்தாள்.

அடுத்து நடந்தது அறுவை சிகிச்சை. அண்ணன் கை கழுவி, கையுறை மாட்டி, மென்மையான துணியால் அந்தப் பந்தை ஓரங்குலம் ஓரங்குலமாகப் பிரித்துத் துடைத்தான். இரண்டு இடத்தில் கீறல். ஓரிடத்தில் மடிப்பு. துளை ஒன்றுகூடக் கிழியவில்லை. வெட்டிய இடத்தில் வைத்து ஒட்டினான். கோபத்தில் வெட்டிய அதே கை, இப்போது மூச்சை நிறுத்திக்கொண்டு டேப்பை அழுத்தியது.

"சுத்து," என்றான்.

மூன்று தலைகள் அந்தத் தீப்பெட்டித் திரையின் மேல் முட்டிக்கொண்டன.

புகை. மேடை. வில்லன் வந்தான். மீசையை முறுக்கினான். அங்கியை விரித்து அட்டகாசமாகச் சிரித்தான். விரிந்த கறுப்பின் மேல், அவன் இடுப்பிலிருந்து புறப்பட்டாள் சுண்டு. மொட்டைத் தலை. வாயோரம் எச்சில். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கள் குடித்த வாத்து மாதிரி நடந்தாள். வில்லனின் வயிற்றில் நாலு எட்டு வைத்தாள். அவன் நெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் தூக்க வரவில்லை என்று தெரிந்ததும் தானே எழுந்தாள்.

"என்ன திமிரு பாரு," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள்.

"என் வாழ்க்கையிலேயே ஒரே ஒரு நாடகம்," என்றான் அண்ணன். "அதுலயும் என் மேலயே ஏறி நடந்திருக்கா!" கோபமாகச் சொல்லத்தான் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

சுண்டு சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வில்லன் ஓரமாகப் போனான். பின்னால் இருந்த கறுப்புத் திரைச்சீலை மட்டும் நின்றது. அதன் மேல் ஒரு நாற்காலி தெரிந்தது. நாற்காலியில் ஓர் ஆள். முகத்தின் மேல் செய்தித்தாள். குழந்தை தத்தித் தத்தி அவரிடம் போய்ச் சேர்ந்து, தாளின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆள் பதறி எழுந்தார். வாய் 'ஓ' என்று திறந்தது. படம் கிடுகிடுவென்று குலுங்கியது.

"அப்பா!" என்றாள் அக்கா. "அப்பாதான் இது! ஒரு சுருள்லகூட அப்பா கிடையாதே. கேமரா எப்பவும் அவர் கையிலதானே?"

"அப்ப இதை எடுத்தது யாரு?" என்றான் அண்ணன். "பாரு, எப்படி ஆடுது! சிரிச்சுக்கிட்டே எடுத்திருக்காங்க."

"அட, நல்லா வந்திருக்கே!"

மூவரும் திரும்பினார்கள். பின்னால் கரண்டியோடு அம்மா நின்றாள்.

"நான் எடுத்தது. தெளிவா இருக்குல்ல? தலை கிலை வெட்டாம எடுத்திருக்கேன் பாரு."

"அம்மா, நீயா? உனக்குக் கேமரா ஓட்டத் தெரியுமா?"

"பெரிய ராக்கெட்டா அது? அன்னைக்கு இவ திடீர்னு எழுந்து நடக்கறா. உங்கப்பா தூங்கறாரு. எழுப்பினா, 'கேமராவைத் தொடாதே, லென்ஸைத் துடை, வெளிச்சத்தைப் பாரு'ன்னு அரைமணி நேரம் பாடம் நடத்துவாரு. அதுக்குள்ள இவ ஓட்டப்பந்தயமே ஓடிடுவா. மேஜை மேல ஒரு புது சுருள் இருந்தது. மாட்டினேன், எடுத்தேன், இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்."

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அது புதுச் சுருள் இல்லை. அந்தக் கேமராவில் படச்சுருளை இரண்டு தடவை ஓட்ட வேண்டும். முதலில் ஒரு பாதியில் பதியும். திருப்பி மாட்டினால் மறுபாதியில் பதியும். இரண்டும் முடிந்ததும் படம் முதலில் இருந்த சக்கரத்துக்கே வந்து, ஒன்றும் அறியாத புதுச் சுருள் போல உட்கார்ந்துகொள்ளும். அப்பா நாடகத்தை எடுத்து முடித்து மேஜை மேல் வைத்த சுருளில்தான் அம்மா சுண்டுவை நடக்க விட்டிருந்தாள். திருப்பி மாட்டாததால் பின்பாதி மட்டும் தப்பியது.

பக்கத்து அறையில் செய்தித்தாள் சரசரத்தது. அப்பா வாசற்படியில் நின்றார்.

"அப்ப கேமரா மேல தப்பில்லையா?" என்றார் மெதுவாக. "ரிப்பேர்க்காரன்கிட்ட ரெண்டு தடவை குடுத்தேனே! ஒண்ணுமே இல்லைன்னு சொன்னான். பொய் சொல்றியான்னு அவன்கூட சண்டை போட்டேனே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்," என்றாள் அம்மா. "நீங்க கத்தினீங்க. இவன் மீசைக்காக அழுதான். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிடுச்சு. அப்புறம் மறந்தே போச்சு."

அப்பா குனிந்து திரையைப் பார்த்தார். இளவயது அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வயதான அப்பாவின் வாயும் அதே அளவுக்குப் பிளந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கையிலிருந்த கரண்டி குலுங்கியது. படம் எப்படிக் குலுங்கியதோ, அப்படியே.

வாசலில் மணி அடித்தது. டிஜிட்டல் கடைக்காரர். பெரிய சுருளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஓரமாகப் பார்த்தார். பழகிய கண் நேராக அங்கேதான் போனது.

"சார், கடைசியில ஒரு துண்டு கெட்டுப்போயிருக்கு போல. வெள்ளையா இருக்கு. ஆட்டம் வேற. எடுத்துடலாமா?"

"தொட்டீங்கன்னா," என்றான் அண்ணன், மேடையில்கூட அவனுக்கு வராத ஒரு வில்லன் குரலில், "முப்பத்திரண்டையும் பிடுங்கிடுவேன்."

கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார். டப்பாவைப் பையில் போட்டு, ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினார். பை லேசாக ஆடியது. அடியில் ஒரு தையல் விட்டிருந்ததோ என்னவோ, சுண்டுவுக்கு அப்படித் தோன்றியது.

சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். காரில் ஏற்கெனவே ஆள் இருந்தது. டிரைவர் சீட்டில் அண்ணன். இந்தத் தடவை செருப்பு போட்டிருந்தான்.

"ஏறு," என்றான். "கடை வரைக்கும் பின்னாலேயே போவோம். கிளட்ச் உன் கால்ல."